உச்சி முதல் உள்ளங்கால் வரை

மார்ச் 4, செவ்வாய்

இன்று பொம்மையின் இடது கால் கையோடு வந்துவிட்டது.

இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, குழந்தையின் இரண்டு கால்களையும் மடக்கி வெளிப்பக்கமாக மெல்ல விரிக்க வேண்டும். விரித்தேன். டக்கென்று ஒரு சத்தம், கால் என் கையில். வகுப்பே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "நிஜக் குழந்தையா இருந்தா அதோட அப்பா இந்நேரம் உன்னைத் துரத்திக்கிட்டு இருப்பார்" என்றார்.

நர்ஸிங்கில் போன வருஷமெல்லாம் ஊசியும் கட்டும். இந்த வருஷம் பிறந்த குழந்தை. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒன்றுவிடாமல் பார்த்து, எது சரி, எது சரியில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். மேடம் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வது வரிசையைத்தான். முதலில் கண்ணால் பார். அப்புறம் காதால் கேள். அதற்கப்புறம்தான் கை. தூங்குகிற பிள்ளையை எழுப்பி அழவிட்டு, அதன் பிறகு இதயத்தைக் கேட்கிறேன் என்று ஸ்டெத்தை எடுக்காதே. அழவைக்கிற வேலையெல்லாம் கடைசியில்.

இன்னொரு சட்டமும் உண்டு: முத்தம் கூடாது. நமக்கு வெறும் சளியாக இருப்பது பிறந்த பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. என் அறைத்தோழி கொட்டாவி (எந்த வகுப்பிலும் வாயை மூடியதில்லை, பேசுவதற்காக அல்ல) எழுந்து, "தூக்கக் கலக்கத்துல குடுத்துட்டா, மேடம்?" என்று கேட்டாள். அவளை வெளியே நிற்க வைத்தார்கள். அங்கேயும் தூங்கினாள்.

சாயங்காலம் அக்காவிடம் போனில் கால் கதையைச் சொன்னேன். எட்டாம் மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் பிள்ளை காலைக் கழட்டினே, தொலைச்சுப்புடுவேன். ஆனா நீதான்டி முதல்ல பாக்கணும். டாக்டரெல்லாம் அப்புறம்" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

பிரசவ வார்டு. நிஜப் பிள்ளைகள். பொம்மையோடு பழகிய கைக்கு அந்தச் சூடே பயமாக இருந்தது.

எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர. தொடை இடுக்கில் நாடி பார்க்க வேண்டும். கால்வரை ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்பதை அதுதான் சொல்லும். நான் விரலை வைத்தால் அங்கே ஒன்றுமே இல்லை. மேடம் வைத்தால் இருக்கிறது. எத்தனை பிள்ளைகளிடம் பார்த்தேன்! என் விரலைக் கண்டாலே நாடி ஓடி ஒளிந்துகொள்கிறது.

மார்ச் 12, புதன்

இன்றும் இல்லை.

மார்ச் 19, புதன்

கிடைத்தது! "நீ அழுத்துறே. அழுத்தினா அது அடங்கிடும். விரலை வச்சிட்டுச் சும்மா இரு" என்றார் மேடம். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அம்மாவுக்குத் தெரியும். இருந்தேன். விரலுக்கடியில் டுக், டுக், டுக். சத்தம் போட்டுவிட்டேன். பிள்ளை எழுந்து அழுதது.

பாதிப் பிள்ளைகளிடம்தான் கிடைக்கிறது. மீதிப் பாதிக்கு இன்னும் மேடம்தான்.

ஏப்ரல் 16, புதன்

வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் எழுதவே முடியாது.

காலையில் அக்காவுக்கு ஆபரேஷன் செய்து பெண் பிள்ளையை எடுத்தார்கள். மதியம் போனேன். எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரி இல்லை, அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் வேறொன்று. அக்கா மல்லாந்து கிடந்தாள். தலையைத் தூக்கக் கூடாதாம். பிள்ளையைத் துணியில் சுற்றி அவள் கன்னத்தோரம் வைத்திருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. அம்மா முத்தம் கொடுத்தாள், அத்தான் கொடுத்தார், அத்தானுடைய அம்மா கொடுத்தார். அக்கா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, "ம், ஆரம்பிங்க டாக்டரம்மா" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

கையைக் கழுவினேன். தேய்த்துச் சூடாக்கினேன். ஜன்னலோர மேஜையில் துணியைப் பிரித்தேன். அக்கா படுத்திருந்த இடத்திலிருந்து என் முதுகுதான் தெரிந்திருக்கும். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். பார்த்தேன், கேட்டேன், தொட்டேன். உச்சியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக — அதையெல்லாம் இப்போது எழுத முடியாது.

தொடை இடுக்கில் விரலை வைத்தேன். இல்லை. அழுத்துகிறேனோ என்று தளர்த்தினேன். சும்மா இருந்தேன். இல்லை. மறு பக்கம். இல்லை. கையில் நாடி நன்றாக அடித்தது. கால் விரல்கள் கொஞ்சம் குளிர்ந்திருந்தன. என் விரலோட கோளாறுதானே? எனக்கு எப்பவும் கிடைக்காததுதானே?

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கா."

சுற்றினேன். அவள் பக்கத்தில் வைத்தேன். வெளியே போய் அங்கிருந்த நர்ஸிடம், "நான் படிக்கிற பொண்ணுதான். எனக்குத் தொடை நாடி அடிக்கடி கிடைக்காது. ஒரு தடவை நீங்க பாத்துடுங்களேன்" என்றேன். அவர் என்னைத் திட்ட வேண்டும், சிரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் அவர் பின்னால் போனேன். அவர் விரலை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. நேராகப் போய் டாக்டருக்குப் போன் செய்தார்.

பிள்ளையைத் தொட்டிலோடு தள்ளிக்கொண்டு போனபோது அக்கா, "ஏன்? எங்க கொண்டு போறீங்க? அவ நல்லா இருக்கான்னு இவ சொன்னாளே?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 17, வியாழன்

இதயத்திலிருந்து கீழே போகிற பெரிய ரத்தக்குழாய் ஒரு இடத்தில் ரொம்பச் சுருங்கியிருக்கிறது. பிறக்கும் முன் இருந்த ஒரு சின்ன வழி இன்னும் முழுதாக மூடாததால் இதுவரை தாங்கியிருக்கிறாள். மூடிவிட்டால் தாங்க மாட்டாள். மூடாமலிருக்க மருந்து ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். தேறினால் ஆபரேஷன்.

அம்மா காரிடாரில் என்னை ஓரம்கட்டினாள். "நீ கையை வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா? சிரிச்சுக்கிட்டு இருந்த வீடு." பிறகு அவளே அழுதாள். நான் கையை வைக்காவிட்டால் குழாய் விரிந்திருக்குமா, அம்மா? கேட்கவில்லை. அவளிடம் சண்டை போடவும் தெம்பில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

அக்காவை இன்னும் பிள்ளையிடம் அழைத்துப் போகவில்லை. தையல். நான் கஞ்சி ஊட்டப் போனேன். வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்த பிறகு பேசினாள்.

"எல்லாரும் அவளுக்கு முத்தம் குடுத்தாங்க. நீ ஒருத்திதான் குடுக்கல."

"அக்கா, எங்களுக்கு அது—"

"தெரியும். சட்டம். நீ சித்தியா வரல. பரீட்சை எழுதத்தான் வந்தே. எழுதிட்டே. போ."

போனேன். பஸ்ஸில் ஒருத்தி தன் பிள்ளையின் காலுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருக்க முயன்றேன். நான் சித்தியாகத்தான் போனேன். கை கழுவிய பிறகு கொடுத்திருக்கலாம். உள்ளங்காலிலாவது கொடுத்திருக்கலாம். பிரித்துப் பார்த்து முடித்ததும் கொஞ்சிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அந்த 'முடித்ததும்' வரவே இல்லையே.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று ஆபரேஷன். அத்தான் மட்டும்தான் போன் எடுக்கிறார். "நடக்குது" என்றார். அப்புறம் "முடிஞ்சுது" என்றார். அந்த வார்த்தையில் எனக்கு உயிரே போய் வந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

போய்விட்டாள்.

ஏப்ரல் 26, சனி

பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அக்கா பெயரைப் போட்டு 'குழந்தை' என்று இருந்தது.

அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஐ.சி.யூ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்வரை கொண்டுபோயிருக்கிறார்கள். பிள்ளைக்கு மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்டர், கழுத்துக்குக் கீழே போர்வையும் ஒயரும். கடைசியில் கையில் கொடுத்தபோது வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். பிரிக்க யாரும் விடவில்லையாம். அவள் மனசு தாங்காது என்று நினைத்திருப்பார்கள்.

நான் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். என்னை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

மேடம் வகுப்பு முன்னால் என்னை நிற்க வைத்துப் பாராட்டினார். "படிச்ச டாக்டர்கூடத் தவறவிடக் கூடிய விஷயம். இவ விரலை நம்பினா." நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். கை தட்டினார்கள். கடவுளே, கை தட்டினார்கள்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் நின்றுபோன பிறகும் நான் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே கொட்டாவி உட்கார்ந்திருந்தாள். முழித்துக்கொண்டிருந்தாள், அதிசயமாக. "நான் கை தட்டல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மேடம் சொன்னது தவறு. நான் என் விரலை நம்பவில்லை. அது எப்போதும் போலப் பொய் சொல்கிறது என்றுதான் நம்பினேன். அதுதான் நிஜமாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன்.

மே 21, புதன்

அக்கா போனை அத்தான் எடுத்தார். "தூங்குறா." போன வாரமும் தூங்கினாள். அதற்கு முந்தின வாரமும். பகலில் கண்ணை மூடினால் பாவம் என்று நினைக்கிற பெண் என் அக்கா. சின்ன வயதில் என்னையும் தூங்கவிட மாட்டாள்.

ஜூன் 5, வியாழன்

செய்முறைத் தேர்வு.

எனக்கு வந்தது ஒரு ஆண் பிள்ளை, கொழுகொழு என்று. வரிசையாகப் போனேன். கண், காது, கை. தொடை இடுக்கில் விரலை வைத்ததும் — உடனே. தேடவே வேண்டாம். இரண்டு பக்கமும், யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி அடித்தது.

விரலை எடுக்க முடியவில்லை. அழுகிறேன் என்பதே தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா பதறிப்போய், "ஏங்க அழுறீங்க? என் பிள்ளைக்கு என்ன?" என்று எழுந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கான்."

அதே வார்த்தை. இந்தத் தடவை நிஜம். அவள் நம்பவில்லை, மேடத்தைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். சரிதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பாஸ். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "சரி" என்றாள். கொஞ்சம் கழித்து, "சாப்பிட்டியா?" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்தேதான் போனேன். துரத்தினால் துரத்தட்டும்.

உள்ளறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மெலிந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். சமையலறையில் அம்மா பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள், நாங்கள் பேசினால் தனக்குக் கேட்காது என்று காட்ட. நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் அக்கா போனை எடுத்து நீட்டினாள். பிள்ளையின் படங்கள். எல்லாவற்றிலும் துணி, துணிக்குள் முகம்.

"இதுக்குக் கீழ நான் பாத்ததே இல்லடி" என்றாள். "பத்து மாசம் வயித்துல சுமந்தேன். அவ கால் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. எல்லாரும் முத்தம் குடுத்துட்டு மூடி வச்சிட்டாங்க. நீ ஒருத்திதான் முழுசாப் பாத்தே."

போனைத் திருப்பி அவள் கையில் வைத்தேன்.

"சொல்லு. எப்படிப் பாத்தியோ அதே மாதிரி. ஒண்ணும் விடாதே."

சொன்னேன். உச்சிக்குழி மெத்தென்று இருந்தது, மூச்சு விடும்போது லேசாக ஏறி இறங்கியது. தலையில் இரட்டைச் சுழி. பிடரியில் சிவப்பாக ஒரு மச்சம், முடிக்குள் பாதி ஒளிந்திருந்தது. இடது காதின் மேல் விளிம்பு மடிந்திருந்தது, நீவிவிட்டால் நிமிர்ந்து மறுபடி மடிந்தது. மூக்கில் ரவை மாதிரி வெள்ளைப் புள்ளிகள். தோளில் பூனைமுடி. என் சுண்டுவிரலைக் கொடுத்தபோது தூக்கத்திலேயே பிடித்துக்கொண்டாள், விடுவிக்க நான் மற்றக் கையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. உள்ளங்கையில் ரேகை நிறைய. வயிறு மெத்தென்று, தொப்புள்கொடி சுத்தமாக. தொடையில் இரண்டு மடிப்பு.

அங்கே நின்றுவிட்டேன்.

"ம்" என்றாள் அக்கா. "அதையும் சொல்லு."

"அங்க விரலை வச்சேன். ரொம்ப நேரம் வச்சேன்க்கா. கிடைக்கணும்னு வச்சேன்."

அவள் தலையசைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"கால்?"

"பாதம் ரெண்டும் ரோஸா, நிறையக் கோடு. கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம்."

அக்கா போர்வையை விலக்கித் தன் காலை வெளியே எடுத்தாள். இரண்டு பேரும் பார்த்தோம். அவளுக்கும் அப்படித்தான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தும் நான் கவனித்ததில்லை. அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

சமையலறையில் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"மறுபடி உச்சியிலேர்ந்து சொல்லு" என்றாள்.