நீ எழுதிய காரணங்களும் நான் வாங்கிய வண்டியும்

வியாழக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நானும் எழுபத்திரண்டு செம்மறிகளும் நலம். நொண்டிக்காரிக்குக் கால் ஆறிவிட்டது. இப்போது மற்ற ஆடுகளை முட்டித் தள்ளிவிட்டுத் தீவனத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறாள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க ஊர்த் தண்ணீரைப் பரிசோதிக்கிறவளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரமில்லை என்று போன மாதம் எழுதியிருந்தாய். முதலில் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நின்றபடி ஒரு முறையும் உட்கார்ந்து ஒரு முறையும் படித்தேன். உன்னோடு வேலை பார்க்கும் அந்தக் கண்ணாடிக்காரர் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதையும், நீ முடியாது என்று சொல்லப் போவதையும் ஒரே வரியில் எழுதிவிட்டாய். ஏன் முடியாது என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு குறை உண்டா? இல்லை. எல்லாம் என்னைப் பற்றித்தான். தீவன மூட்டையை நான் எப்படி இறக்குவேன், சேற்றில் தள்ளுவண்டி மாட்டினால் யார் இழுப்பார்கள் என்று ஆரம்பித்து ஏழு காரணங்கள். விரல் விட்டு எண்ணினேன். எனக்கு அறுபத்தொன்றுதான் ஆகிறது, பல்லெல்லாம் என்னுடையது. நினைவிருக்கட்டும்.

ஃபோனில் பேசினால் நீ அழுவாய், நான் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை உன் கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். பண்ணை வண்டிகள் விற்கும் பெரிய கடை இருக்கிறதே, அங்கே. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க பையன் வரலையா மேடம்? வண்டி அவருக்குத்தானே?” என்று கேட்டார். பையன் வரமாட்டான், வண்டி எனக்குத்தான் என்றேன். என் மகன் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது என்பதை அந்த மனிதரிடம் ஏன் சொல்ல வேண்டும்? உன் கடிதத்தில் கல்யாண வரி தெரியாமல் மேல் பகுதியை மடித்து அவர் கையில் கொடுத்தேன். இதில் எழுதியிருக்கிற ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் என்ன இருக்கிறது, காட்டுங்கள் என்றேன்.

பாவம், அவர் அதை நிஜமாகவே பொருள் பட்டியல் என்று நினைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உன் கடிதத்திலேயே டிக் போட ஆரம்பித்தார். “சேத்துல மாட்டினா யார் இழுப்பாங்க” என்று சத்தமாகப் படித்துவிட்டு, “வின்ச் இருக்கு மேடம்” என்றார். வண்டியின் மூக்கில் ஒரு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு. ஏதாவது மரத்தில் கட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளுமாம். எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது.

வண்டி பார்க்கப் பாதி ஜீப், பாதி குட்டி லாரி. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் இரும்புத் தொட்டி. லீவரை இழுத்தால் சாய்ந்து மூட்டைகளைக் கொட்டிவிடும். ஏற்றுவதற்குத் தீவனக் கடையில் ஆள் உண்டு, இறக்குவதற்குத்தானே நீ இருந்தாய். மேல் மேய்ச்சலில் ஆடு ஈன்றால் யார் தூக்கி வருவது என்று கேட்டிருந்தாயே, அதற்குத் தொட்டியைச் சுற்றிக் கம்பித் தடுப்பும் அடியில் ரப்பர் விரிப்பும் தனியாக வாங்கி மாட்டியிருக்கிறேன். என் மணிக்கட்டு வலிக்குப் பவர் ஸ்டியரிங். ஒரு விரலால் திருப்பலாம், திருப்பியும் பார்த்தேன். சரிவில் இறங்கும்போது எஞ்சினே பிடித்து நிறுத்தி மெதுவாக இறக்குகிறது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க ஒரு சுவிட்ச், தப்பித் தவறிக் கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்ற மேலே வளைந்த இரும்புக் குழாய்கள். மழைக்கும் காற்றுக்கும் முன்கண்ணாடி, வைப்பர், அரைக் கதவு, காலுக்குச் சூடு கொடுக்க ஒரு ஹீட்டர். பனிக்காலத்தில் அதை விட்டு இறங்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன்.

சீட் பெல்ட்தான் கொஞ்சம் வாய்த்துடுக்கு. போடாவிட்டால் வண்டி நடை வேகத்துக்கு மேல் போகாது, போட்டு முடிக்கும் வரை கத்திக்கொண்டே இருக்கும். குரல் வேறு, பிடிவாதம் உன்னுடையது.

ஏழாவது காரணத்துக்கு வந்தபோது விற்பனையாளர் கொஞ்சம் யோசித்தார். சாயங்காலம் நான் யாரோடு பேசுவேன் என்று எழுதியிருந்தாய். “ரேடியோ இருக்கு மேடம், ரெண்டு ஸ்பீக்கர்” என்று சொல்லி அதற்கும் டிக் போட்டுவிட்டார். வாங்கிக்கொண்டேன். ஆடுகள் செய்தி கேட்கின்றன.

ஆக உன் ஏழு காரணங்களுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, கடையின் முத்திரையோடு. கம்பளி நன்றாக விற்ற வருடம் இது, அந்தக் கவலையும் உனக்கு வேண்டாம். அவரிடம் சரி என்று சொல்லிவிடு. வேறு ஏதாவது காரணம் மிச்சமிருந்தால் எழுது, கடையில் கேட்டுச் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
அத்தை



புதன்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். இந்தக் கடிதத்தை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கையில் இருக்க வேண்டும்.

ஆட்டு டாக்டரம்மா வாயில் ஒன்றும் நிற்காது என்று தெரிந்தும் அவர் எதிரில் அது நடந்தது என் நேரம். உனக்கு ஃபோன் செய்து, உங்க அத்தை வண்டியோடு குளத்துக்குள் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். நீ உடனே, வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை ரயிலில் ஒரேயடியாக இங்கே வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். நான் வண்டியோடு போகவில்லை. வண்டிதான் போனது, நான் பின்னால் ஓடினேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பூசி மெழுக மாட்டேன்.

நீ எழுதிய ஏழு காரணங்களில் கேட் இல்லை. நம் நிலத்தில் ஐந்து கேட்டுகள் இருக்கின்றன. மூன்று வருடம் நான் தள்ளுவண்டியோடு நிற்பேன், நீ ஓடிப் போய்த் திறப்பாய், நான் தாண்டியதும் சாத்திவிட்டு ஓடி வருவாய். இரண்டு பேராகச் செய்த வேலை, நீ போன பிறகும் தள்ளுவண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திறக்க ஒரு நொடிதான், அதனால் உனக்கும் எழுதத் தோன்றவில்லை, எனக்கும் கடையில் கேட்கத் தோன்றவில்லை. வண்டியோடு நிலத்துக்குள் இறங்கிய முதல் நாள்தான் புரிந்தது. இறங்கு, திற, ஏறு, தாண்டு, இறங்கு, சாத்து, ஏறு. ஐந்து முறை. அதற்குள் அந்த பெல்ட் வேறு ஒவ்வொரு முறையும் கத்தும்.

அன்றைக்கு இரண்டாவது கேட்டில், சரிவில், எரிச்சலில் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ‘பார்க்’ கியரில் போட்டிருக்க வேண்டும், கை பிரேக்கும் இழுத்திருக்க வேண்டும். கடைக்காரர் மூன்று முறை சொன்னது. நான் தாழ்ப்பாளில் கை வைக்கிறேன், வண்டி என்னைத் தாண்டிப் போய்க் கேட்டைத் தானே திறந்துகொண்டது. தொட்டியில் தீவன மூட்டைகள் இருந்தன. அதைப் பார்த்ததும் எழுபத்திரண்டும் கத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஊர்வலம். நொண்டிக்காரிதான் முன்னணியில். கடைசியில் நான், நில்லு நில்லு என்று வண்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டு. தடுப்பூசி போட வந்திருந்த டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதை உன்னிடம் சொன்னாரா?

வண்டி குளத்தின் ஆழமில்லாத மூலையில், சக்கரம் முங்க நின்றுவிட்டது. ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டேன், சேற்றைத்தான் வாரி இறைத்தது. வின்ச்சோ முன்னால் இருக்கிறது, பின்னால் இழுக்காது. டாக்டரம்மா டிராக்டர் வைத்திருக்கிற யாரையாவது கூப்பிடலாம் என்றார். கொஞ்சம் பொறுங்க, யோசிக்க விடுங்க என்றேன். எதிர்க்கரையில் பத்தடி தள்ளி ஒரு மரம் இருக்கிறது அல்லவா? பின்னால் வர வழியில்லை என்றால் முன்னால்தான் போக வேண்டும். முழங்கால் தண்ணீரில் கயிற்றை இழுத்துக்கொண்டு போய், மரத்துக்குப் பட்டை சுற்றிக் கொக்கியை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். வண்டி குளத்தை மெதுவாகக் கடந்து அந்தப் பக்கம் ஏறிவிட்டது. நாற்பது நிமிடம். டாக்டரம்மா ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை, நான் அசைக்க விடவில்லை. இதையும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த வாரமே வெல்டிங்காரரை வரவழைத்தேன். கேட் இருந்த இடத்தில் குழி வெட்டி, மேலே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டு அடுக்கிவிட்டார். சக்கரம் கடகடவென்று ஏறிப் போய்விடும், ஆடு கால் வைக்கப் பயந்து நின்றுவிடும். ஐந்து கேட்டையும் கழற்றியாயிற்று. நொண்டிக்காரி மட்டும் இரண்டு நாள் நின்று குழாய்களை முறைத்துப் பார்த்தாள்.

இப்போது ரேடியோ விஷயம். அதைப் பற்றிப் போன கடிதத்தில் கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தேன். அது பேசுகிறது, ஆனால் நான் சொல்வதைக் கேட்பதில்லை. சாயங்காலங்களில் வீடு பெரிதாகத்தான் இருக்கிறது. நீ இருந்தபோது அடுப்படியில் சண்டை போட்டபடி சமைத்தோமே, அது எனக்கு வேண்டியிருக்கிறது. இதை நான் மறைத்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகன் போன பிறகு மூன்று வருடம் நீ எனக்காக இந்த வீட்டில் இருந்தாய். என் எதிரில் ஒரு நாள்கூட அழவில்லை. கொட்டகையில் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டீங்களா அத்தை என்று கேட்பாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். உன்னை வெளியூர் வேலைக்குப் போ என்று நான் ஒற்றைக்காலில் நின்றது அதனால்தான். மறுபடி அந்த முகத்தோடு நீ வந்து இறங்கினால் அதைத் தாங்க என்னிடம் தெம்பில்லை. மூட்டையும் சேறும் எனக்குப் பெரிதில்லை.

போன முறை உன்னை இங்கே கொண்டுவந்து விட அந்தக் கண்ணாடிக்காரர் வந்தபோது பார்த்தேன். புது ஷூ சேற்றில் புதைந்தது, மூக்குக்கண்ணாடியை ஒரு குட்டி நக்கியது, மனிதர் அசையாமல் குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ அவரைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று உள்ளே போய்க் கணக்குப் போட்டேன். என் மகனும் உன்னை அப்படித்தான் சிரிக்க வைப்பான். அவன் இருந்திருந்தால் என்று ஆரம்பிக்க மாட்டேன், அவன் இல்லை. அவனைப் பெற்றவள் என்ற உரிமையில் கேட்கிறேன், சரி என்று சொல்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஆடு ஈனும் நேரத்தில் இரண்டு பேராக வாருங்கள், விருந்தாளிகளாக. ஒரு மூட்டையைத் தொட விடமாட்டேன்.

உனக்குப் பெற்றவர்கள் இல்லை. கல்யாணம் பேசவேண்டுமென்றால் பெண் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் வீட்டில் கேட்பார்கள். தயங்காதே. என் முகவரியைக் கொடு.

நீண்ட நாள் சிரித்துக்கொண்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அத்தை