அப்பாவின் வரிப் படிவத்தில் உன் பெயர்

அன்புள்ள மாரிட்டுக்கு,

நீயும் கேலப்பும் அந்தப் பாலைவன வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. டுலூத்தில் ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது. அப்பாவுக்கு சூப் மட்டும்தான் இறங்குகிறது. இனி கீமோ வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு, படுத்தபடியே வருமான வரிப் படிவத்தைக் கேட்டார். நம்மைச் சார்ந்திருப்பவர் என்ற இடத்தில் வழக்கம்போல உன் பெயரை எழுதச் சொன்னார். நீங்கள் இருவரும் சேர்ந்து தாக்கல் செய்வதால் இந்த வருடம் முடியாது என்றேன். டிசம்பர் கடைசி நாளில் கணவன் மனைவியாக இருந்தால் வருடம் முழுவதும் அப்படித்தான் கணக்கு. பரீட்சைக்கு முன் வேறு பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கு வருட மதிப்பெண் பட்டியலைப் புதுப் பள்ளிதானே தரும் என்று விளக்கினேன். "வருஷம் பூரா படிக்க வச்சு சாப்பாடு போட்டது நாம, வருஷக் கடைசியில மூணு நாள் மாப்பிள்ளையா இருந்தவன் பேரைத் தூக்கிட்டுப் போறானா? நல்லா இருக்கு டீச்சரம்மா உன் நியாயம்" என்று சிரித்தார், இருமல் வந்துவிட்டது. இந்த ஜூனில் வைத்திருந்த கல்யாணத்தை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்றுதானே போன டிசம்பருக்கே முன்னால் இழுத்தோம், அதை எப்படிச் சொல்வேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "கடைசித் தடவை, ஹெல்கா. எழுதிடேன்" என்றார்.

அப்பாவுக்காகத் தனித்தனியாகத் தாக்கல் செய்கிறோம் என்று நீ போனில் சொன்னாய். வேண்டாம். அப்படிச் செய்தால் உங்களுக்கு வர வேண்டிய சலுகைகள் போய்விடும், கேலப் இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறான். இனி உங்கள் காலில்தான் நீங்கள் நிற்க வேண்டும், எங்களால் கைகொடுக்க முடியாது. நேற்று நானே படிவத்தை முடித்தேன். அவருக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரிவதில்லை, படித்துக்காட்டச் சொன்னார். அவர் பெயர், என் பெயர், பிறகு உன் பெயர் என்று படித்தேன். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. கோட்டின் மேல் அவர் கையை வைத்தேன், கையெழுத்துப் போட்டார்.

உங்கள் வீட்டில் உணவும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். உன் பெயரைப் போட்டுவிட்டதாகச் சொல்வார். சரிப்பா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா