மகாலட்சுமிக்குப் பின்னால் ஆறு படம்

1957 ஜன. 9, புதன்

காலையில் பனி. எதிர்வீடு தெரியவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறான். சுண்ணாம்பு, நீலம், மட்டை வாங்க வேண்டும்.

கடற்கரையில் லிசே பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாத்தியார். என்னிடம் இருக்கிற மாதிரிப் படம் அவரும் சேர்க்கிறார். என்னுடையது அசல் இல்லையென்று ஒரே கேலி. ஞாயிறு மாலை வாரும், காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கப்பலேறிப் போன பிரெஞ்சு டாக்டர் கொடுத்தது. செம்புத் தகட்டில் கீறி அச்சடித்த ஆறு படம், ஆறிலும் துணியில்லாத பெண்கள். கூட ஒரு எழுத்துத் தாள்: மொத்தம் அறுபது செட், இது 17, ஓவியர் பென்சிலில் போட்ட கையெழுத்து. அந்தத் தாள் இருந்தால்தான் செட். இல்லாவிட்டால் வெறும் அம்மணப் படம்.

10, வியாழன்

ஆபீசிலிருந்து வந்தால் கூடத்துச் சுவர் மொட்டை. மகாலட்சுமி படம் இல்லை.

பெட்டி, பீரோ எல்லாம் மனைவி குடைவாள், சாமி படத்தைப் பிரிக்க மாட்டாள் என்றுதானே லட்சுமிக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒளித்தேன். கண்ணாடி மாற்ற காசிம் பாய் கடைக்கு அனுப்பினாளாம். உளுந்து தீர்ந்துவிட்டது என்கிற குரலில் சொல்கிறாள்.

தையில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனின் அப்பாவுக்குக் கடை பாய் கடைக்கு எதிரே. பாய் வாய் திறந்தால் மானம் போச்சு.

11, வெள்ளி

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் சாமிகள் எல்லாம் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். காத்திருந்தேன்.

லட்சுமியை எடுத்துக் கொடுத்தார். புதுக் கண்ணாடி, புதுப் பலகை. உள்ளே ஏதாவது இருந்ததா? மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லியே சார். பலகைதான் செல்லரிச்சுப் போயிருந்துச்சு."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எடுத்து வைத்துக்கொண்டார், படுபாவி.

12, சனி

சரியான தூக்கம் இல்லை. ஆபீசில் கூட்டல் தப்பு, பெரியவர் முறைத்தார். பையனின் அப்பா எதிரே வந்தார். சந்துக்குள் நுழைந்துவிட்டேன். அவர் சிரித்தாரா?

13, ஞாயிறு. போகி

வாசலில் நெருப்பு. பழம்பாய், முறம், துடைப்பம். மனைவி குச்சியால் கிளறிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க? பாய்க்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். என் கல்யாணப் பொடவைக்கு அடியில கெடக்குது."

வெள்ளிதோறும் பொட்டு வைக்கிறவளுக்குப் படம் கனத்துப்போனது தெரியாதா என்றாள். நாலாவது படத்தில் இருப்பவள் பாவம், ரொம்ப இளைப்பாம். மனைவி காலில் விழலாம் போல இருந்தது. காசிம் பாயைச் சந்தேகப்பட்டதை நினைத்து வெட்கம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆறும் இருந்தன, வேப்பிலை போட்டு. திரும்பி வந்து, ஒரு தாள் குறைகிறதே என்றேன்.

"படம் ஒண்ணுகூடக் கொறையல. வெறும் எழுத்தா ஒரு பழைய காயிதம் இருந்துதே, அதத்தான் இப்ப இதுல போட்டேன்."

குச்சியைப் பிடுங்கிக் கிளறினேன். சாம்பல்தான்.

ஐந்து மணிக்கு வாத்தியார் வருகிறார்.