விபத்துப் பக்கம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மனைவி கடிதம் போட்டிருந்தாள். பஸ்ஸை டிப்போவில் விட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருகிறாயாம். கேட்டால் கல்லுளிமங்கன் மாதிரி நிற்கிறாயாம். இன்னொரு வீடு வைத்திருக்கிறாயோ என்று அழுகிறாள். ஒரு வீட்டைக் கட்டிக் காக்கவே உனக்குச் சாமர்த்தியம் போதாது என்று எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொல்.

வழக்கமாக நீ கேட்பதற்குப் பதில்: பத்திரிகையில் உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு நான்தான் பிழை திருத்தினேன். உன் பஸ் போகும் சாலையில் இந்த வாரமும் விபத்து எதுவும் இல்லை.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னொரு வீடெல்லாம் இல்லை. வண்டி ஓட்டிய பாதையிலேயே திரும்ப நடக்கிறேன். பள்ளத்தில் சக்கரம் குலுங்கினால்கூட யார் மீதோ வண்டியை ஏற்றிக் கொன்றுவிட்டேன் என்று மனம் அடித்துச் சொல்கிறது. சாக்கடை, புதர் எல்லாம் குனிந்து பார்க்கிறேன். ஒன்றும் இருக்காது. வீட்டு வாசலுக்கு வந்ததும் "சரியாப் பாத்தியா" என்று மறுபடி கேட்கும். நான்கு வருடமாக இப்படித்தான்.

மனநல ஆலோசகரிடம் போனேன். எண்ணச் சுழற்சி நோய் என்றார். "சந்தேகம் எல்லாருக்கும் வரும். உங்க மனசு நூத்துக்கு நூறு உறுதி கேக்குது. நீங்க போய்ப் பாக்குற ஒவ்வொரு தடவையும் அதுக்குத் தீனி. வேற யாரு தீனி போடுறாங்க?" என்றார்.

உன் கடிதக் கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன் அக்கா. விபத்து இல்லை என்று நீ எழுதும் வரியைத் தினமும் படிக்கிறேன். கோபிக்காதே. கடைசியாக ஒரே ஒரு தடவை, "நீ யாரையும் கொல்லவில்லை" என்று எழுது. போதும்.

உன் தம்பி

மார்ச் 19

தம்பி,

அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். மேஜையில் இருந்த பக்கத்தில் அப்புறம் ஒரு எழுத்துகூடக் கண்ணில் படவில்லை. நீ விபத்துச் செய்தி கேட்டதெல்லாம் வெறும் ஊர்வம்பு என்றே இருந்துவிட்டேன். ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழை பிடிக்கிறவள், கூடப் பிறந்தவனின் பயத்தைக் கோட்டை விட்டேன். வாரம் தவறாமல் நானே தீனி போட்டிருக்கிறேன்.

நீ கேட்ட வரியை எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். இனி ஒருநாளும் எழுத மாட்டேன். உன் மனைவியிடம் நீயே எல்லாவற்றையும் சொல்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்தின் பின்பக்கம் பார்த்தேன், உறையைக் கிழித்தும் பார்த்தேன். அந்த வரி இல்லை. கல்நெஞ்சக்காரி என்று வாய்விட்டுத் திட்டினேன்.

வீட்டில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இதையா இத்தனை நாள் மறைச்சீங்க" என்று அழுதாள். நேற்று வண்டி ஒரு பெரிய பள்ளத்தில் ஏறி இறங்கியது. டிப்போ வாசலில் அவள் காத்து நின்றாள். நேரே வீட்டுக்கு வந்தோம்.

அந்தப் பள்ளத்தில் யாராவது கிடந்தார்களா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலேயே சாப்பிட உட்கார்ந்தேன்.

உன் தம்பி