டெஸ்டரில் எரிந்த பச்சை விளக்கு

ஆவணி 9, செவ்வாய்.

தூக்கம் வரவில்லை. போன வாரம் மணமேல்குடி ஜீனத் அக்கா கம்ப்யூட்டரை என் கடைக்குக் கொண்டுவந்தார். வேலை செய்யும்போதே அணைந்துவிடுகிறதாம். உள்ளே கரண்டு கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைக் கழற்றி, அதைச் சோதிக்கும் டெஸ்டரில் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

“இது நல்லாருக்குக்கா. ஒங்க வீட்டு வயரிங்தான் சரியில்ல” என்று அனுப்பிவிட்டேன்.

இன்று மறுபடி கம்ப்யூட்டரோடு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி வந்தார். “சுவரையெல்லாம் கொத்தி வயர மாத்திட்டோம் தம்பி. அப்பயும் அணைஞ்சிருது.”

இந்த முறை பெட்டியைக் கழற்றாமல் நாலு வீடியோவை ஒன்றாக ஓடவிட்டேன். லோடு ஏறியதும் அணைந்தது. வேறு பெட்டி மாட்டினேன், நிற்காமல் ஓடியது. டெஸ்டர் அத்தனை லோடு கொடுக்காது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். சோம்பல்.

“அப்ப வயரிங்ல கோளாறு இல்லையா தம்பி?”

“அதுவும்தான்க்கா” என்றேன்.

நம்பிவிட்டார்.