மீசைக்காரர் வாங்கிய நெயில் பாலிஷ்

சகலை,

போன வாரம் புதுவாயல் ஜங்ஷனில் மாலாவோடு ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போயிருந்தேன். அவளுக்கு வளையல் வேண்டும்; எனக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு ஸ்டூல் வேண்டும். இரண்டும் கிடைத்தன. கடைப்பெண் யாருக்கோ காட்டுவதற்காக ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. கடையிலிருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாலா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பிறகு அவளுக்கும் காரணம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. வளையல் பெட்டிக்கு மேல் குனிந்துகொண்டு அவளும் குலுங்கினாள்.

நெயில் பாலிஷ் வாடை அடித்தால் மற்ற ஆண்களுக்கு யார் யாரோ நினைவுக்கு வரலாம். எனக்கு வருவது முறுக்கு மீசையும், சட்டைப் பித்தானை மீறும் தொப்பையுமாக நிற்கும் நீங்கள்தான்.

நாம் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். நீங்கள் அக்காவை, நான் தங்கை மாலாவை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நீங்கள் கம்பி இழுக்கும் ஆலையில் தரம் பார்க்கிறவர். நான் இன்னொரு ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். திருவாலங்காட்டில் இருக்கும் நம் மாமனாருக்கு உங்களைக் கண்டால் ஒரு தனி மரியாதை. "மூத்த மாப்பிள்ள தரம் பாக்குறாரு, சின்னவரு வண்டி ஓட்டுறாரு" என்று அவர் ஊராரிடம் சொல்லும்போது, நான் ஏதோ எளாவூர் செக்போஸ்ட்டில் லாரியோடு வரிசையில் நிற்பவன் மாதிரி இருக்கும். அதனால்தான், உங்கள் தரத்தையே சோதிக்கும் வேலை என்னிடம் வந்தபோது நான் மறுக்கவில்லை.

எல்லாம் அந்த வெளிநாட்டு டெக்னீஷியனால் வந்தது. உங்கள் ஆலையில் புது மெஷின் பூட்ட வந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் பைக்கில் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனீர்கள். அவர் பேசிய இங்கிலீஷ் உங்களுக்குப் பாதிதான் புரிந்தது. நீங்கள் பேசியது அவருக்கு அதுவும் புரியவில்லை. ஆனாலும் மீனைப் பற்றி மட்டும் இருவரும் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறீர்கள். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தவர், உங்களுக்கு மட்டும் தன் தூண்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அது நம் ஊர்த் தூண்டில் இல்லை. புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. முள்ளின் மேல் இறகும் முடியும் கட்டி ஒரு பொய்மீன் செய்ய வேண்டும். அதற்குக் கனமே இருக்காது. கனமெல்லாம் நூலில். தடித்த மஞ்சள் நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாகச் சாட்டை மாதிரி வீசினால், நூல் பறந்து போகும். கடைசியில் இருக்கும் இறகுமீன் அதன் பின்னாலேயே போய்ப் பூப்போலத் தண்ணீரில் விழும். விழ வேண்டும். உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நீங்கள் முதன்முதலாக வீசியபோது அது பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நைட்டியில் விழுந்தது. நீங்கள் பதறிப்போய் இழுக்க, நைட்டி கிளிப்போடு கிளம்பித் தெருவைத் தாண்டிப் பறந்து வந்து, நடுவில் கேபிள் வயரில் மாட்டிக்கொண்டு ஆடியது. கீழே அந்த வீட்டுக்காரர் டீ கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கே அத்தத் தூக்கிப் போட்டுட்டு வா. இல்லாட்டி உன்னையும் சேத்துத் தூக்கிப் போடுவேன்" என்றார் அக்கா.

யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் ஞாயிறுதோறும் உங்களுக்கு ஓவர்டைம் வர ஆரம்பித்தது.

ஒருநாள் அக்கா உங்கள் டிபன் பையைத் துவைக்க எடுத்திருக்கிறார். உள்ளே ஒரு சிவப்பு நெயில் பாலிஷ். சுருட்டிக் கட்டிய நீளமான கறுப்பு முடி. கொஞ்சம் ஜரிகை. ஒரு காகிதப் பொட்டலத்தில் சமிக்கி. அக்கா போனில் அழுதது எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

"உன் மாமா ஒருத்திய வெச்சினு இருக்காருடீ. நீட்டு முடிக்காரி. மினுக்கிக்கினு திரியறவ."

மாலா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வர ஞாயித்துக்கெழம மாமா எங்க போறாருன்னு பாத்துக்கினு வா. நாஷ்டா வந்து துன்னலாம், மொதல்ல கெளம்பு."

கிளம்பினேன். புதுவாயலில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் வாசலில் உங்கள் பைக் நின்றது. எதிர் டீக்கடையிலிருந்து பார்த்தேன். ஒரு நெயில் பாலிஷை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். உங்கள் சுண்டுவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்து, ஊதிக் காயவைத்து, நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தலையாட்டினீர்கள். ஆலையில் கம்பியைச் சோதிப்பது மாதிரியே இருந்தது. கட்டியவளுக்காக எந்த ஆண் இவ்வளவு அக்கறையாக நெயில் பாலிஷ் வாங்குவான்? அடுத்து ஒரு கோழிக்கடையில் நிறுத்தி, கறி வாங்காமல், சேவலின் கழுத்து இறகை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டபோது எனக்கு வேறு பயம் வந்தது. ஒருவேளை மந்திரவாதியோ?

பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு வரை பின்னாலேயே வந்தேன். ஏரிக்கரையில் ஒரு குடிசைக்குள் போனீர்கள். வெளியே வரும்போது உங்கள் கையில் அந்தத் தூண்டில்தான் இருந்தது. கூட வந்தது லுங்கி கட்டிய மாரி என்கிற படகுக்காரர். நீங்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வீச ஆரம்பித்தீர்கள். நன்றாகப் பார்க்கலாமென்று நான் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினேன். பின்னால் போன நூல் முன்னால் போகவில்லை. என் காது மடலில் முள் ஏறியிருந்தது.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். "சகல! இன்னா இது? மடவ மீன் குஞ்சாட்டம் செஞ்சி வீசனா, நீ வந்து மாட்டிக்கினு இருக்க?"

நான் கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் நிதானமாக வந்து, காதைப் பிடித்து, முள்ளை வந்த வழியே சுலபமாக உருவினீர்கள். ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். "பாத்தியா? முள்ளு நுனில திரும்பிக்கினு ஒரு சின்னப் பல்லு இருக்கும். அத்த இடுக்கியால நசுக்கிட்டேன். அதான் கிழிக்காம வந்துச்சி. திருப்பி வுடற மீனுக்கு வாய் கிழியக் கூடாது, இல்ல?"

"திருப்பி வுடறதா?"

"சின்னது வந்தா மாரிக்கு. பெருசு வந்தா ஏரிக்கு."

நெயில் பாலிஷ், இறகைக் கட்டிய நூல் முடிச்சு தண்ணீரில் அவிழாமலிருக்க. முடி, கடையில் வாங்கிய சவுரி, மீனின் முதுகுக்கு. ஜரிகை வயிற்றுக்கு. சமிக்கி கண்ணுக்கு. அக்காவின் சக்களத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் விரல் நீளம் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அக்கா கேட்ட ஒரே கேள்வி: "மீனு எங்க?"

"வுட்டுட்டாரு."

"மீனு புடிக்கப் போனவரு மீன வுட்டுட்டாரு. அத்த நீ பாத்த."

"ஆமாக்கா."

மாலா என்னை முகர்ந்து பார்த்தாள். "பிரியாணி வாங்கிக் குடுத்துட்டாரா?"

அதற்கு மேல் நானும் குற்றவாளிதான். காதைக் காட்டினேன், அந்த நீட்டு முடிக்காரி கடித்திருப்பாள் என்றார்கள். தீர்ப்பு உங்களுக்கும் எனக்கும் சேர்த்தே வந்தது. அடுத்த ஞாயிறு நீங்கள் மீனோடு வர வேண்டும். வராவிட்டால் அக்கா பெட்டியோடு திருவாலங்காடு போய்விடுவார். பெட்டியை அன்றைக்கே பரணிலிருந்து இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு மாரியின் படகில் நாம் மூவரும் போனோம். வெயில் ஏறுகிறவரைக்கும் ஒன்றும் கடிக்கவில்லை. நீங்கள் வீசிக்கொண்டே இருந்தீர்கள். "சார், வலைய எடுத்துக்கினு வரட்டா? குடும்ப விசயம்" என்று மாரி இரண்டு தடவை கேட்டார். முகத்துவாரத்துப் பக்கம் மேடான இடத்தில் படகை நிறுத்தி, இடுப்பளவுத் தண்ணீரில் நீங்கள் இறங்கி நின்று வீசினீர்கள். இறகுமீன் விழுந்த இடத்தில் தண்ணீர் டமாரென்று வெடித்தது.

ரீல் கிறீச்சிட்டது. மஞ்சள் நூல் முழுக்கப் போய், அதற்குப் பின்னால் சுற்றியிருந்த மெல்லிய வெள்ளை நூலும் ஓடியது. கம்பு வில்லாக வளைந்தது. தூரத்தில் ஒரு கொடுவா மீன் தண்ணீரை விட்டு மேலே எழும்பித் தலையை உதறியது. வெள்ளித் தாம்பாளத்தை யாரோ தூக்கி எறிந்த மாதிரி. "இழுக்காதீங்க சார், வுட்டுப் புடிங்க!" என்று மாரி கத்தினார். நானும் என்னமோ கத்தினேன். நீங்கள் மட்டும் மாமியாரை வரவேற்பது மாதிரி, "வா தாயி, வா, மெதுவா வா" என்று பேசிக்கொண்டே சுற்றினீர்கள்.

பக்கத்தில் வந்தபோதுதான் அதன் அளவு தெரிந்தது. என் கால் நீளம். வயிறு உப்பியிருந்தது. கண் பொன்னிறமாக மின்னியது. நான் துள்ளிக் குதித்தேன். "தூக்குங்கண்ணா! அக்கா பெட்டியத் தொறந்து பொடவையெல்லாம் பீரோல திருப்பி அடுக்கிடும்!"

நீங்கள் தூக்கவில்லை. மீனின் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தண்ணீரிலேயே வைத்திருந்தீர்கள். "இது முட்டக்காரி, சகல. கொடுவால சின்னதெல்லாம் ஆம்பள. வளந்து வயசானாத்தான் பொம்பளயா மாறும். இவ்ளோ பெருசா வளர்றதுக்குள்ள எத்தினி வலைக்கித் தப்பிச்சிதோ. இத்தத் தூக்கினா அடுத்து யாரு முட்ட போடுவா?"

"ஆம்பள பொம்பளயாவுதா?" மாரி துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா சார், ஊட்ல திட்டு வாங்கி வாங்கிப் பேஜாராயி, மீனு மேல கத கட்டறியா?"

"நெசம்தான் மாரி."

"அப்ப வுடு. ஆனா நாளிக்கி என் வலையில வந்தா நான் வுடமாட்டேன்."

"அது நாளிக்கி, உன் பாடு. இது இன்னிக்கி, என் பாடு."

நான் கெஞ்சினேன். மாமனார் பெயரைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன். பரிதாபமாக என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்கும் பயம்தான், மீசை நடுங்கியது. "ஒண்ணு பண்ணு. போன்ல வீடியோ எடு. அவளாண்ட காட்டலாம்." மீன் மூச்சுத் திணறுமுன் முள்ளை உருவினீர்கள். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஆடாமல் அசையாமல் எடுத்தேன்.

சாயங்காலம் அக்கா நடுவில் உட்கார, மாலா பக்கத்தில் நிற்க, பெருமையாகப் போனை நீட்டினேன். திரையில் என் முகம் வந்தது. வாய் பிளந்திருந்தது. முகம் போகவே இல்லை. செல்ஃபி கேமராவில் எடுத்திருக்கிறேன், சகலை. மீனும் இல்லை, நீங்களும் இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை என் மூக்குத் துவாரம்தான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டீர்கள்.

ஆனால் சத்தம் இருந்தது. தண்ணீர் அலம்புகிற சத்தத்துக்கு நடுவில் உங்கள் குரல்: "போ தாயி. நீ தப்பிச்சிக்கினே. நான் ஊட்டுக்குப் போயி இன்னா சொல்லப் போறேனோ. பெட்டியத் தொடச்சி வெச்சிட்டா. அவ இல்லாம எனக்கு ஒரு வாய் காப்பித் தண்ணி வெக்கக்கூடத் தெரியாது. சரி, நீ போ, போ."

அக்கா அதை மறுபடியும் போடச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு எழுந்தார். "கூட ஒருத்தி இருந்தா இந்தாளு இவ்ளோ பயந்துக்கினு பேசமாட்டாரு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கி உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் அதைப் பரணில் ஏற்றினீர்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மார்க்கெட்டிலிருந்து கொடுவா வாங்கிவரச் சொன்னார். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, இருப்பதிலேயே சின்னதை வாங்கிவந்தீர்கள். "ஆம்பள" என்று என் காதில் சொன்னீர்கள், முள் ஏறிய அதே காதில்.

அதற்குப் பிறகு உங்கள் ஞாயிறுகளுக்கு ஓவர்டைம் தேவைப்படவில்லை. அக்காவே சோறு கட்டிக் கொடுத்தார். போன வருஷம் ஆலையில் டீ குடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி கேட்டு மாரி வந்தார். துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல், "வலையில ஒரு பெருசு வந்துச்சி. சார் நெனப்பு வந்துச்சி. வுட்டுட்டேன்" என்றார். உடனே, "ஒண்ணே ஒண்ணுதான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

உங்கள் போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்கிறீர்கள். உங்கள் குரல் இருப்பது அந்த ஒரு வீடியோவில்தான். அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், காபி குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "அத்தப் போடேன்" என்பார். போடுவேன். உங்கள் பேச்சைக் கேட்பதற்காகப் பாவம், அவர் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

நேற்று வந்திருந்தார். வீடியோ முடிந்ததும் முதல் தடவையாக, "அந்த நேரத்துல அவரு இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?" என்று கேட்டார்.

சொன்னேன். படத்தில் இல்லாத எல்லாம் என்னிடம்தானே இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றீர்கள், சட்டையில் மேல் பித்தான் போயிருந்தது. ஒரு கை மீனின் வயிற்றுக்குக் கீழே, ஒரு கை வால் பக்கம். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தீர்கள். முதலில் அது அசையவில்லை. செத்துவிட்டதோ என்று பயந்தோம். பிறகு ஒரே ஒரு துடிப்பு. வாலால் உங்கள் கன்னத்தில் பளாரென்று அறைந்துவிட்டுப் போய்விட்டது. நீங்கள் மல்லாந்து தண்ணீரில் விழுந்தீர்கள். எழுந்து நின்று, மீசையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அப்படி ஒரு சிரிப்பு சிரித்தீர்கள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "கடைசீல வருதே, அந்தச் சிரிப்பா? அது நீ சிரிச்சதுன்னுல்ல நெனச்சேன்?"

என் வாய் திறந்திருக்கும்போது வருவதால் இத்தனை நாளும் அப்படி நினைத்திருக்கிறார்.

"இல்லக்கா. அது அண்ணன் சிரிச்சது."

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்து, விரலால் கடைசிக்குத் தள்ளி, மறுபடியும் ஓடவிட்டார். திரையில் நான் வாயைத் திறந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.