ஒரு சாண் குறைந்த கடல்

மார்ச் 9, டாக்கா

தேசியக் காலநிலைத் திட்டத்தின் வரைவு வந்தது. கடலோரத் தடுப்புக் கரைகளுக்கு நாலரை மீட்டர் உயரம் என்று அச்சாகியிருக்கிறது. என் ஆய்வில் வந்த எண். இருபத்தெட்டாம் தேதி கையெழுத்து. அலுவலகத்தில் எல்லோருக்கும் ரசகுல்லா வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 14, கொய்ரா

இந்தக் கடலோர ஊரின் பழைய நீர்மட்டப் பதிவேடுகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வந்தேன். கழிமுக ஆற்றில் அளவுக்கம்பத்தைப் பார்த்துக்கொள்ளும் மொதாலேப் என்னை ஆபா, அதாவது அக்கா, என்பார். தேநீரை நீட்டியபடி போகிற போக்கில் சொன்னார்: "2009 புயல்ல கம்பம் சாஞ்சிருச்சுல்ல ஆபா, நாங்கதான் திரும்ப நட்டோம். கீழ ஒரே சேறு. ஒரு சாண் மேலயே நட்டுட்டோம்."

பதிவேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கம்பம் ஒரு சாண் ஏறினால் தண்ணீர் ஒரு சாண் குறைவாகத் தெரியும். பதினான்கு வருட அளவும் தப்பு. நான் எழுதியதைவிடக் கடல் வேகமாக ஏறுகிறது. இவரை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாமே— ஏன் கேக்கல?

மார்ச் 17, டாக்கா

மூன்று முறை கணக்குப் போட்டேன். ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டும்.

மார்ச் 19

இயக்குநர் கபீர் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கையெழுத்தாகட்டும், திருத்தத்தை அடுத்த வருடம் வெளியிடலாம் என்றார். இப்போது சொன்னால் நாம் சொல்லும் எதையும் அமைச்சகம் நம்பாது. திட்டம் தள்ளிப்போனால் மழைக்கு முன் கொய்ராவில் ஒரு கூடை மண்கூட விழாது. அதுவும் உண்மைதான். ஆனால் குட்டையாகக் கட்டிய கரையை யார் பிறகு உயர்த்துவார்கள்?

மார்ச் 21

பிழையையும் புதிய கணக்கையும் ஒரே தாளில் எழுதினேன்.

மார்ச் 23

அமைச்சகத்துக்குப் போய்விட்டேன். இணைச் செயலாளர் ரெஹனுமா மேடம் நான் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தார்.

"இது யார் தப்பு?"

"என் தப்பு மேடம்."

வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறி அலுவலகத்துக்குத் திரும்பினேன்.

மார்ச் 28

கையெழுத்தாகவில்லை. மறு ஆய்வுக்குக் குழு போட்டிருக்கிறார்கள். அதில் நான் இல்லை. கபீர் சார் நடைகூடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 2

கொய்ராவில் பழைய கரை உடைந்தது. எழுபது வீடுகள். மொதாலேப் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதற்குள் மண் விழுந்திருக்குமோ? தெரியல. தெரியவே தெரியல.

டிசம்பர் 11

திட்டம் போன மாதம் நிறைவேறியது. ஐந்தேகால் மீட்டர். இன்று மொதாலேப் போனில் பேசினார். கரைக்கு அளவெடுத்து முளை அடித்துவிட்டார்களாம். உயரம் கூடியதால் அடியும் அகலமாகிவிட்டது. கோடு அவருடைய மாட்டுக் கொட்டகைக்கு நடுவே போகிறது.

"உங்க கணக்கால என் கொட்டகை போச்சு ஆபா."

மன்னிப்புக் கேட்டேன்.

"அட, அதெல்லாம் பிரிச்சு மூங்கில அடுக்கியாச்சு. எப்ப வேலைய ஆரம்பிப்பாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."